நெட் ஸ்லோவா இருக்கா? ரவுட்டர மாத்துறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துடுங்க

திருச்சில சிசிடிவி, நெட்வொர்க் கேபிளிங் வேலை பாக்குறேன். கேமரா மாட்டப் போற வீட்ல வேலை முடியுற நேரத்துல காபியோட சேந்து ஒரு கேள்வியும் வரும், "தம்பி, அப்படியே இந்த வைஃபையும் என்னன்னு பாத்துட்டுப் போங்களேன், ஒரு படம் இறங்க ராத்திரி பூரா ஆவுது"ன்னு. இப்படிப் பாத்துப் பாத்து ஒன்னு தெரிஞ்சுகிட்டேன், முக்கால்வாசி வீட்ல ரவுட்டர்ல ஒரு கோளாறும் இருக்காது, அடாப்டரோ வயரோ, ரவுட்டர் வச்சிருக்க இடமோதான் காரணமா இருக்கும். ஆனா நான் போறதுக்குள்ள அவங்க ரெண்டாயிரம் மூவாயிரம் போட்டு புது ரவுட்டர் வாங்கி மாட்டிருப்பாங்க, பழசு அலமாரி மேல கெடக்கும், ஸ்பீடு மட்டும் அப்படியே இருக்கும். அந்தக் காசு வீணாப் போறத பாக்க மனசு கேக்கல, அதான் இத உக்காந்து எழுதுறேன்.

உங்க வீட்ல என்ன மாதிரி தொந்தரவோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி இந்த ஒரு டெஸ்ட மட்டும் கண்டிப்பா பண்ணிடுங்க, இது இல்லாம மத்ததெல்லாம் இருட்டுல தேடுற மாதிரிதான்.

## முதல்ல வயர்ல ஒரு டெஸ்ட்

ஒரு லேப்டாப், ஒரு லேன் கேபிள் எடுங்க. கம்பெனிக்காரங்க குடுத்த ஃபைபர் பாக்ஸ் இருக்குல்ல, மஞ்ச கலர்லயோ கருப்பு கலர்லயோ மெல்லிசா ஒரு வயர் உள்ள போகுமே, அதுல லேன் 1னு போட்டிருக்க ஓட்டைல கேபிள சொருகி இன்னொரு முனைய லேப்டாப்ல குத்துங்க. லேப்டாப்ல வைஃபைய ஆஃப் பண்ணிடுங்க, இத நெறைய பேர் மறந்துட்டு வைஃபைலயே டெஸ்ட் பண்ணிட்டு வயர்லயும் ஸ்லோதான்னு சொல்றாங்க. வீட்ல எல்லாரும் போன் வைஃபைய அஞ்சு நிமிஷம் நிறுத்தட்டும். அப்புறம் ஊக்லா ஸ்பீட் டெஸ்டோ ஃபாஸ்ட் டாட் காமோ எதுலயாவது மூணு தடவ ஓட்டி மூணு நம்பரையும் ஒரு பேப்பர்ல எழுதி வைங்க, பக்கத்துல மணியும் போட்டு.

லேப்டாப்ல லேன் ஓட்டையே இல்லன்னா யூஎஸ்பில இருந்து லேனுக்கு மாத்துற கன்வர்ட்டர் ஒன்னு கடைல கிடைக்கும், வாங்கும்போது கிகாபிட்தானான்னு, அதாவது 1000 எம்பிபிஎஸ் வரைக்கும் போகுமான்னு கேட்டு வாங்குங்க. லேப்டாப்பே இல்லாத வீடுன்னா ரவுட்டர்ல இருந்து நாலடி தள்ளி நின்னு, பேருக்குப் பின்னாடி 5ஜின்னு இருக்க வைஃபைல கனெக்ட் பண்ணி போன்லயே பாருங்க, துல்லியமா இருக்காது ஆனா ஒரு அளவுக்குப் புரிஞ்சிடும். அந்த 5ஜி வேற, சிம்ல வர்ற 5ஜி வேற, கொழப்பிக்காதீங்க.

இன்னொரு கொழப்பமும் இங்கயே தீந்துரட்டும். பிளான்ல சொல்ற 100 எம்பிபிஎஸ்ங்கறது பிட் கணக்கு, டவுன்லோடு ஆகும்போது ஸ்கிரீன்ல ஓடுற நம்பர் பைட் கணக்கு, எட்டு பிட் சேந்தாதான் ஒரு பைட். அதனால 100 பிளானுக்கு டவுன்லோடு 11, 12 எம்பின்னு ஓடுனா அது ஃபுல் ஸ்பீடு, ஒரு கோளாறும் இல்ல. 50 பிளான்னா 6 எம்பி. இத சொன்னதும் பாதி வீட்ல வேலையே முடிஞ்சிருக்கு.

டெஸ்ட்ல வயர்ல ஃபுல் ஸ்பீடு வந்துச்சுன்னா வெளில இருந்து வர்ற லைன் சுத்தம், தப்பு உங்க வீட்டுக்குள்ள இருக்கு. வயர்லயே வரலன்னா வைஃபைய நோண்டி பிரயோஜனம் இல்ல.

## வயர்ல நல்லா வருது, வைஃபைல மட்டும் வரல

காசே செலவாகாத காரணங்கள்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

மொதல்ல எந்த வைஃபைல இருக்கீங்கன்னு பாருங்க. இப்ப வர்ற பாக்ஸ் முக்கால்வாசில ரெண்டு வைஃபை வரும், ஒன்னு 2.4 கிகாஹெர்ட்ஸ், இன்னொன்னு 5 கிகாஹெர்ட்ஸ். 2.4 தூரமா போகும் ஆனா ஸ்பீடு கம்மி, அபார்ட்மென்ட் மாதிரி இடத்துல 30, 40 வந்தாலே பெருசு. 5 வேகமா இருக்கும் ஆனா ரெண்டு செவுரு தாண்டுனா சோர்ந்து போயிடும். போன் ஒருதடவ 2.4ல ஒட்டிக்கிச்சுன்னா ரவுட்டர் பக்கத்துல வந்து உக்காந்தாலும் சில நேரம் அதுலயேதான் இருக்கும். ரெண்டுக்கும் ஒரே பேரு இருந்தா ரவுட்டர் செட்டிங்ஸ்ல போயி வேற வேற பேரு வச்சிடுங்க. ஹால்ல இருக்க டிவி, லேப்டாப் எல்லாம் 5ல போடுங்க, மாடி, பாத்ரூம் பக்கம் இருக்க பல்பு, ப்ளக்கு, கேமரா எல்லாம் 2.4ல விட்டுடுங்க.

செட்டிங்ஸுக்குப் போக ரவுட்டர கவுத்துப் பாத்தீங்கன்னா அடில ஸ்டிக்கர்ல 192.168.1.1 இல்லன்னா 192.168.0.1ன்னு இருக்கும், யூசர் நேமு பாஸ்வேர்டும் அங்கயே இருக்கும். பிரவுசர்ல அந்த நம்பர அடிச்சா தொறக்கும். எத மாத்துறதுக்கு முன்னாடியும் பழைய செட்டிங்க போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சிக்கோங்க.

அடுத்து ரவுட்டர் எங்க இருக்குன்னு பாருங்க. டிவி ஷோகேஸுக்குள்ள, செட்டாப் பாக்ஸுக்குப் பின்னாடி, ஷூ ஸ்டாண்ட் மேல, மீட்டர் பாக்ஸ் பக்கத்துலன்னு எல்லாத்தையும் பாத்திருக்கேன். இரும்பு பீரோ, பெரிய கண்ணாடி, மீன் தொட்டி, ஃபிரிட்ஜ் இந்த நாலும் வைஃபைக்கு ஆகாது, இதுல எதுவாவது ரவுட்டருக்கும் உங்களுக்கும் நடுவுல இருந்தா அங்கயே பாதி சிக்னல் போச்சு. ஆளு உசரத்துல, திறந்த இடத்துல, வீட்டுக்கு நடுவுல வைக்கணும்.

ஸ்ரீரங்கத்துல ஒரு வீடு. பழைய காலத்து வீடு, தெருவுல இருந்து ரேழி, கூடம், முற்றம், அடுக்களைன்னு நீளமா ரயில் பெட்டி மாதிரி போகும், செவுரெல்லாம் ரெண்டு சாண் கனம். ஃபைபர் வயர் வாசல் வழியா வந்ததால பாக்ஸ ரேழிலயே ஆணி அடிச்சு மாட்டிட்டுப் போயிட்டாங்க. பேத்தி கடைசி ரூம்ல காலேஜ் கிளாஸ் அட்டென்ட் பண்ணுது, அங்க போன்ல ஒரு கோடுதான் காட்டுது, ஸ்பீடு 3. பாட்டி என்கிட்ட, "அவ வாசல்ல வந்து உக்காந்து படிக்கிறாப்பா, போறவா வர்றவா எல்லாம் பாக்குறா, எனக்கு சங்கடமா இருக்கு"ன்னு சொன்னாங்க. ரேழில 5ல டெஸ்ட் பண்ணா 96 வருது, அதாவது லைன்ல ஒரு கொறையும் இல்ல. 20 மீட்டர் கேட் 6 லேன் கேபிள உத்தரத்து ஓரமா கிளிப் அடிச்சு கூடத்து வரைக்கும் இழுத்தேன், வீட்ல சும்மா கெடந்த பழைய ரவுட்டரையே அங்க ஆக்சஸ் பாயிண்டா, அதாவது வயர்ல வர்ற நெட்ட வைஃபையா குடுக்குற மாதிரி மாட்டினேன், கடைசி ரூம்ல 60க்கு மேல வந்துச்சு. கேபிளுக்கும் கிளிப்புக்கும் ஆன காசு மட்டும்தான் செலவு, அந்தப் பொண்ணு அன்னைக்கு சாயங்காலமே ரூமுக்குள்ள போயி உக்காந்துருச்சு.

எடத்த மாத்தியும் சரியாகலன்னா சேனல பாருங்க. ஆண்ட்ராய்டு போன்ல வைஃபை அனலைசர்னு தேடுனா ஆப் கிடைக்கும், அதுல பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் எந்த சேனல்ல ஓடுதுன்னு மலை மலையா காட்டும். 2.4ல 1, 6, 11 இந்த மூணுல எதுல கூட்டம் கம்மியோ அதுல மாத்துங்க, வேற நம்பர் போடாதீங்க, 3, 8ன்னு போட்டா ரெண்டு பக்கத்து தொந்தரவும் சேந்து வரும். சேனல் அகலம் (channel width) 20ல இருக்கட்டும். 5ல அகலம் 80 வைக்கலாம், சேனல் 36 இல்லன்னா 149 போட்டு எது நல்லா இருக்கோ அத வச்சிக்கோங்க.

செக்யூரிட்டி செட்டிங்ல டிகேஐபி (TKIP)ன்னு இருந்தா உடனே மாத்துங்க, டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் (WPA2 AES)னு இருக்கணும். டிகேஐபி இருந்தா வைஃபை பழைய காலத்து 54 ஸ்பீடுக்கு எறங்கிடும், மேல போகவே போகாது. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி செட் பண்ணி அப்படியே விட்ட ரவுட்டர்ல இத இன்னும் பாக்குறேன்.

மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் 2.4 படுத்துருதுன்னா அது இயல்புதான், ரெண்டும் ஒரே அலைவரிசை, 5க்கு மாறிக்கோங்க.

இதெல்லாம் பண்ணியும் வீட்டோட ஒரு மூலைல மட்டும் வரலன்னா அப்பதான் காசு செலவு பண்ற வேலை. உடனே ஆயிரம் ரூபா ரிப்பீட்டர் வாங்கி ப்ளக்ல சொருகாதீங்க, ப்ளீஸ். சாதா ரிப்பீட்டர் ஒரே ரேடியோல வாங்கி அதுலயே திருப்பி அனுப்புது, அதனால ஸ்பீடு பாதியாயிடும், அதுவும் சிக்னல் செத்துப்போன மூலைல கொண்டுபோயி மாட்டுனா அங்க இருக்க செத்த சிக்னலத்தான் பெருசாக்கி குடுக்கும். கோடு ஃபுல்லா காட்டும், ஸ்பீடு இருக்காது. வயர் இழுத்து ரெண்டாவது பாயிண்ட் வைக்கிறதுதான் என்னைக்கும் நிக்கும். வயர் இழுக்கவே முடியாத வீடு, வாடகை வீடு, செவுத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னா மெஷ் செட்டு, அதாவது வயர் இல்லாமலே ஒன்னோட ஒன்னு பேசிக்கிற ரெண்டு மூணு வைஃபை பெட்டி பாக்கலாம், வெல கூடதான்.

## வயர்ல போட்டாலும் 94லயே நிக்குது

பிளான் 150, 200, 300ன்னு இருக்கு, ஆனா டெஸ்ட் 92, 93, 94 இந்த இடத்துல வந்து பாறைல முட்டுன மாதிரி நிக்குது, காலைல பாத்தாலும் அதே, ராத்திரி பாத்தாலும் அதே. இந்த நம்பர எங்க பாத்தாலும் எனக்கு அடுத்த நிமிஷம் புரிஞ்சிடும், வழியில ஏதோ ஒரு இடம் 100ல ஓடுது. அந்த ஒரு எடத்த கண்டுபுடிச்சிட்டா போதும்.

விண்டோஸ் லேப்டாப்ல செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட்னு உள்ள போனா லிங்க் ஸ்பீடுன்னு ஒரு வரி இருக்கும். 1000னு இருந்தா அந்தத் துண்டு நல்லா இருக்கு. 100ன்னு இருந்தா அந்த கேபிளோ ரெண்டு முனைல இருக்க ஓட்டையோதான் கோளாறு.

மொதல்ல ஓட்டைய மாத்திப் பாருங்க. கம்பெனி குடுக்குற பாக்ஸ்ல நெறைய மாடல்ல லேன் 1 மட்டும்தான் கிகாபிட், மத்த ஓட்டையெல்லாம் 100தான், வெளில பாக்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கேபிள பிடுங்கி லேன் 1ல போட்ட உடனே 94 இருந்தது 280 ஆன வீடெல்லாம் இருக்கு, பத்து பைசா செலவில்ல.

அடுத்து கேபிள். சொருகுற முனைல கண்ணாடி மாதிரி இருக்க கனெக்டர வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க, உள்ள எட்டு கலர் வயர் தெரியணும். பூட்டு நாக்கு மேல பாக்காம கீழ இருக்க மாதிரி புடிச்சா இடதுல இருந்து ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்புன்னு இருக்கும். 100 ஓட நாலு வயரு போதும், 1000 ஓட எட்டும் வேணும். நீலம், பழுப்பு ஜோடில ஒன்னு உள்ள உடைஞ்சிருந்தாலும் சத்தமே இல்லாம 100க்கு எறங்கிடும், நெட்டு கட் ஆகாது, அதனால யாருக்கும் சந்தேகமே வராது.

கே.கே.நகர்ல ஒரு வீட்ல 200 பிளான். ரவுட்டர் ரெண்டு தடவ மாத்திட்டாங்க, கம்பெனி ஆளு மூணு தடவ வந்துட்டாரு, அவரு பாக்ஸ்ல நேரா லேப்டாப் போட்டா 200 வருது, "எங்க லைன் சரியா இருக்கு சார்"னு போயிடுறாரு. அவரு சொன்னதுல தப்பில்ல. பாக்ஸ் கீழ வரவேற்பறைல, ரவுட்டர் மாடில, நடுவுல வீடு கட்டும்போதே செவுத்துக்குள்ள பைப்ல போட்ட கேபிளு. மாடில பாத்தா 94. செவுத்துல இருந்த ஃபேஸ் பிளேட்ட ஸ்க்ரூ கழட்டி இழுத்தேன், ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் மட்டும் நெட்டு ஓட்டைல கிரிம்ப் பண்ணிருக்கு, நீலமும் பழுப்பும் தனியா பிரிஞ்சு இன்சுலேஷன் டேப் சுத்தி பக்கத்துல இன்டர்காம் ஓட்டைக்குப் போவுது. வீடு கட்டுன எலக்ட்ரீஷியன் ஒரே கேபிள்ல ரெண்டு வேலைய முடிச்சிருக்காரு, அன்னைக்கு இருந்த 10 எம்பிபிஎஸ் பிளானுக்கு அது போதும்தான். இன்டர்காம் வேலை செய்யாம அஞ்சு வருஷம் ஆச்சுன்னு வீட்டுக்காரம்மா சொன்னாங்க. ரெண்டு முனையையும் வெட்டி எட்டு வயரையும் சேத்து புது கனெக்டர் ரெண்டு அடிச்சேன், கேபிள் டெஸ்டர்ல எட்டு லைட்டும் வரிசையா எரிஞ்சுச்சு, மாடில 190 தாண்டி வந்துச்சு. வீட்டுக்கார சார் ஒன்னும் பேசல, அலமாரி மேல இருந்த ரெண்டு பழைய ரவுட்டரையும் ஒரு பார்வ பாத்தாரு.

கேபிளும் நல்லா இருக்குன்னா ரவுட்டர். கடைல பாக்ஸ் மேல 1200ன்னு பெருசா போட்டிருக்கும், அது ரெண்டு வைஃபை ஸ்பீடையும் கூட்டி போட்ட நம்பரு. பின்னாடி இருக்க லேன் ஓட்டை 100தானான்னு சின்ன எழுத்துல இருக்கும், 10/100ன்னு இருந்தா அந்த ரவுட்டர் வழியா 94க்கு மேல வராது, நீங்க என்ன பண்ணாலும் வராது. 100க்கு மேல பிளான் வச்சிருக்கவங்க 10/100/1000னு பாத்துதான் வாங்கணும். இத தெரியாம வாங்கி ஏமாந்தவங்க எவ்வளவோ பேரு.

கேமரா இருக்க வீட்ல இன்னொன்னையும் பாருங்க, என் தொழில்லயே நடக்குற தப்பு இது. கேமராவுக்கு போடுற பிஓஈ சுவிட்ச், அதாவது ஒரே லேன் வயர்ல கரண்டும் நெட்டும் குடுக்குற பெட்டி, நெறைய 100தான். அந்த சுவிட்ச் வழியா வீட்டுக்கும் நெட்டு குடுத்துட்டா மொத்த வீடும் 94ல மாட்டிக்கும். ரவுட்டர்ல இருந்து சுவிட்சுக்கு ஒரு வயரு, வீட்டுக்கு வேற வயருன்னு பிரிச்சிட்டா தீந்துச்சு.

செவுத்துக்குள்ள போற கேபிளு உள்ளயே அறுந்திருந்தா, பைப்ல எலி கடிச்சிருந்தா மட்டும் நெட்வொர்க் கேபிளிங் ஆளக் கூப்பிடுங்க. எலக்ட்ரீஷியன வச்சு ஜாயிண்ட் போட்டு டேப் சுத்தாதீங்க, கரண்ட் வயருக்கு அது சரி, இதுக்கு ஆகாது.

## ஆஃப் பண்ணி ஆன் பண்ணா நல்லா இருக்கு, கொஞ்ச நேரத்துல திரும்ப இழுக்குது

ரெண்டே சந்தேகம், சூடு, அடாப்டர்.

ரவுட்டர் மேல கைய வச்சுப் பாருங்க, வெதுவெதுன்னு இருந்தா பரவால்ல, கைய வைக்க முடியாத அளவு சுட்டா தப்பு. மேல துணி போட்டு மூடுறது, பாக்ஸ் மேல ரவுட்டர், ரவுட்டர் மேல செட்டாப் பாக்ஸ்னு அடுக்குறது, ஏப்ரல் மே மாசத்துல மேற்குப் பாத்த செவுத்துல மாட்டுறது எல்லாம் வேணாம். பிரஷ்ஷால ஓட்டைல இருக்க தூசிய தட்டி விடுங்க.

அடாப்டர்தான் நெறைய பேரு சந்தேகப்படாத ஆளு. வோல்டேஜ் ஏறி எறங்கி அடிவாங்கி அடிவாங்கி ரெண்டு மூணு வருஷத்துல தளந்து போயிடும், லைட்டெல்லாம் எரியும், ஆனா லோடு வந்தா கரண்ட் பத்தாது, வைஃபை இழுக்கும், சில நேரம் தானா ரீஸ்டார்ட் ஆகும். காதுகிட்ட வச்சா லேசா ஙொய்னு சத்தம் கேட்டாலோ பிளாஸ்டிக் உப்பி இருந்தாலோ உடனே மாத்துங்க. மல்டிமீட்டர் இருந்தா பாருங்க, 12 வோல்ட் அடாப்டர் ரவுட்டர் ஓடும்போது 11க்கு கீழ காட்டுனா அதுக்கு ஆயுசு முடிஞ்சுது. எரநூறு முன்னூறு ரூபாக்குள்ள கிடைக்கும். வாங்கும்போது பழைய அடாப்டர கைல எடுத்துட்டுப் போங்க, வோல்ட் அதேதான் இருக்கணும், ஆம்பியர் அதே இல்லன்னா கூட இருக்கலாம். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 சொருகி எரிச்சவங்க இருக்காங்க, பின்னு ஒரே மாதிரி இருக்கும், அதான் ஏமாத்துது. கரண்ட் போற ஊருல மினி யூபிஎஸ் வச்சிருப்பீங்க, அதையும் ஒருதடவ கழட்டிட்டு நேரா ப்ளக்ல போட்டுப் பாருங்க, உள்ள பேட்டரி செத்துப்போனா அதுவும் இதே மாதிரி இழுக்க வைக்கும்.

ரெண்டும் சரின்னா ரவுட்டருக்குள்ள ஓடுற சாஃப்ட்வேருக்கு (ஃபர்ம்வேர்) அப்டேட் இருக்கான்னு பாருங்க, அதுக்கும் மசியலன்னா ரவுட்டர்தான் போயிருச்சு, இந்த இடத்துல மாத்தலாம்.

## காலைல பறக்குது, ராத்திரி ஊருது

சாயங்காலம் 7ல இருந்து 11 வரைக்கும் இழுத்தா ரெண்டு காரணம் இருக்கலாம், ஒன்னு வைஃபை நெரிசல், இன்னொன்னு வெளில லைன்லயே நெரிசல். பிரிச்சுப் பாக்குறது சுலபம், ராத்திரி 9 மணிக்கு வயர்ல ஒரு டெஸ்ட், காலைல 6 மணிக்கு வயர்ல ஒரு டெஸ்ட். ராத்திரி வயர்ல நல்லா வந்தா பக்கத்து வீட்டு வைஃபையோட முட்டிக்கிது, மேல சொன்ன மாதிரி சேனல மாத்துங்க, 5க்கு வாங்க.

ராத்திரி வயர்லயும் விழுந்தா அவசரப்பட்டு கம்பெனிய திட்டாதீங்க, வீட்டுக்குள்ளயே யாராவது லைன மொத்தமா இழுக்குறாங்களான்னு பாருங்க. ரவுட்டர் பேஜ்ல எத்தன டிவைஸ் கனெக்ட் ஆயிருக்குன்னு லிஸ்ட் இருக்கும், ஒவ்வொன்னா எண்ணுங்க, தெரியாத பேரு இருந்தா பாஸ்வேர்ட மாத்துங்க, பாஸ்வேர்டு அடிக்காமலே சேர்றதுக்கு இருக்க டபிள்யூபிஎஸ்ஸ (WPS) ஆஃப் பண்ணுங்க. ரொம்ப பேரு கவனிக்காதது அப்லோடு. கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து போன சார்ஜ் போட்டுட்டுப் படுத்தா மூவாயிரம் போட்டோவும் வீடியோவும் பேக்கப் ஏற ஆரம்பிச்சிடும், அப்லோடு நிரம்புனா டவுன்லோடும் சேந்து மூச்சுத் திணறும். கிளவுடுல சேமிக்கிற கேமராவும் இதே வேலையத்தான் நாள் பூரா பாக்குது. பேக்கப்ப ராத்திரி 2 மணிக்கு மேல வர்ற மாதிரி வைங்க இல்லன்னா கைல பண்ணுங்க.

வீட்ல எல்லாத்தையும் நிறுத்திட்டு, ஒரே ஒரு லேப்டாப் வயர்ல போட்டும் ராத்திரி விழுதா, அப்ப அது ஏரியாவுல ஆள் கூடிப்போச்சு, லைன் பத்தல. உங்களால சரி பண்ண முடியாது. அஞ்சு நாளு காலை, ராத்திரி நம்பர ஸ்கிரீன்ஷாட்டோட எழுதி வச்சுக் கம்ப்ளைன்ட் குடுங்க.

## ஒரே ஒரு லேப்டாப் மட்டும், இல்ல ஒரே ஒரு போன் மட்டும்

மத்த எல்லாத்துலயும் நல்லா இருந்தா ரவுட்டர தொடாதீங்க. அந்த மிஷின்ல விபிஎன் ஓடுதா, பேட்டரி சேவர் ஆன்ல இருக்கா, விண்டோஸ் அப்டேட் பின்னாடி இறங்குதா பாருங்க. வைஃபைய ஃபர்கெட் குடுத்துட்டு திரும்ப கனெக்ட் பண்ணுங்க. பழைய லேப்டாப்புன்னா வைஃபை கார்டு 2.4 மட்டும் புடிக்கிறதா இருக்கும், அது அவ்வளவுதான் போகும், யூஎஸ்பில 5 புடிக்கிற வைஃபை டாங்கிள் ஒன்னு வாங்கி போட்டா ஓரளவு ஓடும். பக்கத்துல யூஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க் சொருகும்போது மட்டும் 2.4 வைஃபை படுக்குதுன்னா ஹார்டு டிஸ்க்க ஒரு முழம் தள்ளி வைங்க, அதுக்கும் இதுக்கும் ஆகாது.

## ஸ்பீட் டெஸ்ட் ஜோரா காட்டுது, டவுன்லோடு மட்டும் மெதுவா

வேற ஒரு பெரிய சைட்ல இருந்து ஒரு பெரிய ஃபைல் இறக்கிப் பாருங்க. அங்க நல்லா வந்தா முதல் சைட்டோட சர்வர்தான் மெதுவு, நீங்க பண்றதுக்கு ஒன்னுமில்ல. எங்க இருந்து இறக்குனாலும் மெதுன்னா லேப்டாப்ல பழைய ஹார்டு டிஸ்க் நிரம்பி வழியுதான்னு பாருங்க, அது எழுத முடியாம திணறுனா நெட்டு மேலதான் பழி வரும். சைட்டோட பேர நம்பரா மாத்திக் குடுக்குற டிஎன்எஸ்ஸ 8.8.8.8, 1.1.1.1ன்னு மாத்துனா பேஜ் சீக்கிரம் தொறக்கலாம், டவுன்லோடு ஸ்பீடு கூடாது, கூடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

## மாசக் கடைசில மட்டும் ஸ்லோ

அன்லிமிடெட்னு சொன்னாலும் பிளானுக்கு ஒரு டேட்டா எல்லை இருக்கும், நெறைய பிளான்ல மாசத்துக்கு 3300 ஜிபி, சின்ன பிளான்ல கம்மி. தாண்டுனா ஸ்பீட எறக்கிடுவாங்க. கம்பெனி ஆப்ல எவ்வளவு ஓடிருக்குன்னு பாருங்க, பில்லிங் தேதில சரியாப் போச்சுன்னா இதுதான்.

## வயர்ல நேரா போட்டாலும் பிளான்ல பாதி வரல, விட்டு விட்டு வருது

பாக்ஸ் லைட்ட பாருங்க. பான் (PON)னு எழுதிருக்க லைட்டு அசையாம எரியணும். எல்ஓஎஸ் (LOS)ங்கிற லைட்டு எரியவே கூடாது, செவப்பா மின்னுச்சுன்னா ஃபைபர்ல கோளாறு.

உங்க கைல ஆகுறது ஒன்னுதான், ஃபைபர் வயரு எங்கயாவது மடங்கி இருக்கான்னு பாக்குறது. கதவு இடுக்குல நசுங்குறது, பீரோவ தள்ளும்போது மாட்டிக்கிறது, மிச்ச வயர சின்னதா சுத்தி ரப்பர் பேண்ட் போடுறது, இதெல்லாம் உள்ள போற வெளிச்சத்த கொறைச்சிடும். சுத்தணும்னா ஒரு சாப்பாட்டு தட்டு அகலத்துக்கு சுத்துங்க. பச்சை கனெக்டர கழட்டாதீங்க, கழட்டுனா முனைய விரலால தொடாதீங்க, ஒரு துளி எண்ணெய் பட்டாலே போதும் சிக்னல் விழ. கண்ணுகிட்ட வச்சு உள்ள பாக்கவே பாக்காதீங்க, அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது ஆனா கண்ணுக்கு ஆகாது. வீட்ல சின்னப் பசங்க இருந்தா அவங்க கைக்கு எட்டாத உசரத்துல மாட்டச் சொல்லுங்க.

பாக்ஸோட பேஜ்ல ஆப்டிகல் இல்ல பான் இன்ஃபோன்னு ஒரு எடத்துல ஆர்எக்ஸ் (RX) பவர்னு நம்பர் இருக்கும், ஃபைபர்ல வந்து சேர்ற வெளிச்சத்தோட அளவு அது. மைனஸ் 18ல இருந்து மைனஸ் 24 வரைக்கும் நல்ல நம்பர். மைனஸ் 25, 26ன்னு போச்சுன்னா ஓரத்துல நிக்குது, மைனஸ் 27 தாண்டுனா விட்டு விட்டுதான் வரும். அந்த நம்பர எழுதி வச்சிக்கோங்க, மழைக்கு முன்னாடி ஒன்னு, மழைக்குப் பின்னாடி ஒன்னு. மழை பேஞ்சா மட்டும் கெட்டுப்போகுதுன்னா தெருவுல போஸ்ட் மேல இருக்க ஜாயிண்ட் பாக்ஸ்ல தண்ணி எறங்குது. நம்ம ஊர்ல மரத்து வழியா போற வயர அணில் கடிக்கிறது சர்வ சாதாரணம். இதெல்லாம் ஃபைபர ஒட்டுற ஸ்ப்ளைஸிங் மிஷின் வச்சிருக்க ஆளு வந்து பண்ற வேலை, நீங்க ஏணி போட்டு ஏறாதீங்க, அதே போஸ்ட்ல கரண்ட் லைனும் போகுது.

## ஆளக் கூப்பிடும்போது

"நெட்டு ஸ்லோ"ன்னு மட்டும் சொன்னா ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்னு சொல்லி வச்சிடுவாங்க. "ஃபைபர் பாக்ஸ்ல நேரா வயர் போட்டுப் பாத்தேன், லிங்க் ஸ்பீடு 1000 காட்டுது, காலைல 6 மணிக்கு இவ்வளவு, ராத்திரி 9 மணிக்கு இவ்வளவு, ஆர்எக்ஸ் பவர் மைனஸ் 26"ன்னு சொல்லுங்க, எதிர்ல இருக்கவர் நேரா டெக்னிக்கல் ஆளுக்கு மாத்துவாரு. டாக்கெட் நம்பர் கேட்டு வாங்குங்க, அது இல்லாம போன வைக்காதீங்க. தீரலன்னா அதே கம்பெனில அப்பீல் அதிகாரின்னு ஒருத்தர் இருக்கணும்னு டெலிகாம் கம்பெனிகள கண்காணிக்கிற டிராயோட (TRAI) விதி இருக்கு, டாக்கெட் நம்பரோட அங்க போகலாம்.

வந்தவரு பவர் மீட்டர் வச்சு ஃபைபர் முனைல அளந்து காட்டட்டும், கனெக்டர தொடச்சு, பாக்ஸுக்குள்ள போற சின்ன ஃபைபர் வயர் (பேட்ச் கார்டு) பழசுன்னா மாத்தட்டும். வெயில்ல ஏணியத் தூக்கிட்டு அலையிற வேலை அது, ஒரு சொம்பு மோர் குடுங்க, கூடவே எழுதி வச்ச பேப்பரையும் குடுங்க, அவருக்கு அரை மணி நேரம் மிச்சம். கிளம்பும்போது கம்ப்ளைன்ட் முடிக்க ஓடிபி கேப்பாங்க. உங்க லேப்டாப்ல, உங்க கண் முன்னாடி, வயர்ல ஒருதடவ, வைஃபைல ஒருதடவ டெஸ்ட் ஓட்டி நம்பர பாத்துட்டு அதுக்கப்புறம் ஓடிபிய சொல்லுங்க.